காலி ஸ்லாட் உண்டா என்று முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கணினி

கேள்வி: கட்டட வரைபட வேலை செய்கிறேன். பகலில் அலுவலகம், இரவில் கேம், மாதம் ஒருமுறை பாத்தாம் அல்லது கோலாலம்பூர் பயணம். மூன்றுக்கும் ஒரே கேமிங் லேப்டாப் போதும் என்று நினைக்கிறேன். இப்போது இருப்பதில் 512 ஜிபி நிரம்பி வழிகிறது. புதிதாகப் பார்த்து வைத்த மாடலில் 512 ஜிபியும் உண்டு, 2 டிபியும் உண்டு. விலையில் பல நூறு வெள்ளி வித்தியாசம். எதை வாங்குவது?
– வாசகர், செங்காங்

பதில்: உள்ளே எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) செருகும் எம்.2 ஸ்லாட் இன்னொன்று காலியாக இருந்தால் 512 ஜிபியையே வாங்குங்கள். 2 டிபி எஸ்எஸ்டியைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வது பெரும்பாலும் மலிவு. ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான் என்றால் கணக்கு மாறும். அப்போது ஆரம்பத்திலேயே பெரியதாக வாங்குவதுதான் நிம்மதி.

512 ஜிபி என்று விற்பது விண்டோஸில் 476 ஜிபி என்றே தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் 1,000ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் பெருக்குகிறது, அவ்வளவுதான். அந்த 476இல் விண்டோஸ், ஆட்டோகேட், ரெவிட் போன்ற வரைபட மென்பொருள்கள், வரைபடக் கோப்புகள் எல்லாம் உட்கார்ந்த பிறகு, பால்டர்ஸ் கேட் 3 என்ற ஒரு கேம் மட்டுமே 150 ஜிபி கேட்கும். எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இல்லாவிட்டால் எழுதும் வேகம் குறையலாம். உங்கள் தேவைக்கு மொத்தம் 2 டிபிக்குக் குறையக்கூடாது.

"ஸ்லாட் இருக்கு" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அது 2280 அளவா என்று கேளுங்கள். 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சில லேப்டாப்களில் இரண்டாவது ஸ்லாட் 2242 அல்லது 2230ஆக இருக்கும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 2280 எஸ்எஸ்டி அதில் உட்காராது. அடுத்தது வேகம். எஸ்எஸ்டியை இணைக்கும் பாதையான பிசிஐஇ 4ஆம் தலைமுறை என்றால் நொடிக்கு 7,000 எம்பி வரை போகும், 3ஆம் தலைமுறை என்றால் 3,500 வரை. விளையாடும்போது இந்த வித்தியாசம் அதிகம் தெரியாது, பெரிய கோப்புகளை நகர்த்தும்போது தெரியும். 5ஆம் தலைமுறை எஸ்எஸ்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். லேப்டாப்புக்குள் அது வெறும் சூட்டடுப்பு.

ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குள்ளேயே உள்ளிருக்கும் பலகை (மதர்போர்டு) வேறுபடும். அட்டைப்பெட்டியில் உள்ள முழுப் பாக எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தளத்தில் அதற்கான பராமரிப்புக் கையேட்டைத் திறந்து பாருங்கள். ஸ்லாட் எத்தனை, எந்த அளவு, திருகு எங்கே என்பதெல்லாம் படத்தோடு இருக்கும். விளம்பரத் தாளைவிட இதுவே நம்பகம்.

ரேமையும் இதே கண்ணோடு பாருங்கள். டிடிஆர்5 சோடிம் என்று போட்டிருந்தால் பின்னாளில் கழற்றி மாற்றலாம். எல்பிடிடிஆர்5எக்ஸ் என்றால் பெரும்பாலும் பலகையோடு பற்றவைத்தது, மாற்ற வழியில்லை. ரெவிட் வேலைக்கு 16 ஜிபி சீக்கிரமே மூச்சு வாங்கும். பற்றவைத்த வகையென்றால் 32 ஜிபிக்குக் கீழே வாங்க வேண்டாம்.

பயணம் என்றதும் 14 அங்குலத்தின் பக்கம் கை போகும். ஆனால் எடை குறைந்த கேமிங் லேப்டாப்களில்தான் ஒற்றை ஸ்லாட்டும் பற்றவைத்த ரேமும் அதிகம். 2024இன் ஆசூஸ் ஜெஃபைரஸ் ஜி14 அப்படித்தான். மாதம் ஒரு பயணம் என்றால் இரண்டு ஸ்லாட்டும் சோடிமும் உள்ள 15 அல்லது 16 அங்குலமே உங்களுக்குச் சரி என்பது எங்கள் கருத்து. முதுகுக்குக் கூடுதலாக ஒரு கிலோவைப் பழக்கிக்கொள்ளலாம்.

கிராஃபிக்ஸில் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 5060 லேப்டாப் சிப் 45 வாட்டிலும் வரும், 100 வாட்டிலும் வரும். வாட் குறைந்தால் வேகமும் குறையும், ஆனால் இரண்டின் மேலும் ஒரே ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும்.

கேள்வி: மகனின் லேப்டாப்பில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. 2 டிபி எஸ்எஸ்டி வாங்கி நானே பொருத்தலாமா? வாரண்டி போய்விடுமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: பொருத்தலாம். நிதானமாகச் செய்தால் அரைமணி நேர வேலை. எஸ்எஸ்டியைச் சேர்ப்பதைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. நாம் கழற்றும்போது எதையாவது உடைத்தால் மட்டும் பொறுப்பேற்க மாட்டார்கள். திருகின் மேல் சீல் ஒட்டியிருந்தால் கடையில் கேட்டு, வாரண்டி போகாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

வாங்கும்போது எஸ்எஸ்டியின் நினைவகச் சில்லு டிஎல்சி வகையா என்று கேளுங்கள். 2 டிபியில் (அழித்து அழித்து எழுதுவதையும் சேர்த்து) மொத்தம் 1,200 டிபி வரை எழுதலாம் என்ற உறுதி அவற்றில் சாதாரணம். கியூஎல்சி வகையில் அது பாதிக்கும் கீழே போவதுண்டு. மேலே தடித்த அலுமினியத் தகடு ஒட்டியது வேண்டாம், மூடி மூடாது.

ஸ்க்ரூடிரைவரைத் தொடுமுன் பிட்லாக்கர் சாவி (பூட்டிய டிரைவைத் திறக்கும் எண்) கையில் இருக்கட்டும். விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் சொல்லாமலே டிரைவைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸ் எனும் தொடக்க அமைப்பில் எதையாவது மாற்றினால், சில வேளை வன்பொருளை மாற்றினாலும், 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். மகனின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அது இருக்கும். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும். சார்ஜரைக் கழற்றுங்கள். அடித்திருகுகளுக்குப் பெரும்பாலும் பிஎச்0 என்ற சிறு பிலிப்ஸ் (கூட்டல் குறி) முனை பொருந்தும். திருகுகள் ஒரே நீளம் அல்ல. ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் துளையில் போட்டால் மேல்பக்கம் புடைத்துக்கொள்ளும். மூடியைக் கிளப்பப் பழைய ஈஸி-லிங்க் பயண அட்டை அருமையான கருவி, கத்தி வேண்டாம். உள்ளே முதல் வேலை, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் முனையைப் பிடித்து எடுங்கள்.

எஸ்எஸ்டியை ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் செருகுங்கள். பொன்னிறப் பற்கள் வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே போனபின் படுக்க வைத்துத் திருகுங்கள். அந்தச் சிறு எம்2 திருகு எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் வராது. ஸ்லாட்டிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாதி வேலையில் சிம் லிம் ஸ்குவேர் கடைகளுக்கு ஓட வேண்டும். வெப்பத்தைக் கடத்தும் பட்டை ஒட்டுவதாக இருந்தால் இருபக்கப் பிளாஸ்டிக் தாளையும் உரித்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு "புது டிரைவ் சூடாகிறது" என்பவர்கள் ஏராளம்.

பேட்டரி இணைப்பைத் திரும்பச் செருகி மூடியைப் போடுங்கள். இயக்கியதும் புது டிரைவ் தெரியாது. பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஜிபிடி தேர்ந்தெடுத்து, புது வால்யூம் உருவாக்கி, என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யுங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் சரியாகச் செருகவில்லை, அல்லது என்விஎம்இ (பிசிஐஇ வழி) எஸ்எஸ்டிக்கான ஸ்லாட்டுக்குப் பழைய, மெதுவான சாட்டா வகையை வாங்கிவிட்டீர்கள்.

கேள்வி: வெளியே செருகும் எஸ்எஸ்டி போதாதா?
– வாசகர், பொங்கோல்

பதில்: வேலைக் கோப்புகளுக்கும் காப்புப் பிரதிக்கும் போதும். 10 ஜிகாபிட் யூஎஸ்பி துளையில் நொடிக்குச் சுமார் 1,000 எம்பி வரும். கேமும் ஓடும். ஆனால் பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். ஃபோன் சார்ஜ் செய்யும் சி-வகைக் கேபிள்கள் பல யூஎஸ்பி 2.0தான், வேகம் 40 எம்பிக்கு இறங்கிவிடும்.

கேள்வி: கேமிங் லேப்டாப்பின் பேட்டரியை விமானத்தில் அனுமதிப்பார்களா? சென்னைக்குப் போகிறேன்.
– வாசகர், ஈசூன்

பதில்: பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி (Wh) வரை என்றால் தனி அனுமதி தேவையில்லை. பெரிய லேப்டாப்களில் 99 அல்லது 99.9 என்று நிறுத்துவதே அதற்காகத்தான். பவர்பேங்க்கைக் கைப்பையில் மட்டும் வையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் எஸ்ஐஏ (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்), ஸ்கூட் விமானங்களில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் முடியாது. ஸ்கூட்டில் எகானமி கைப்பைக்கு மொத்தம் 10 கிலோ. 230 வாட் சார்ஜரையும் அதில் கணக்கிடுங்கள். லேப்டாப் சி-வகைத் துளையில் சார்ஜ் ஏற்குமானால் 100 வாட் சிறு சார்ஜர் அலுவலக வேலைக்குப் போதும். கேம் ஆடினால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். பெரிய சார்ஜரையே கொண்டுபோவதாக இருந்தால், மேசைக் கணினிக்குப் போடும் இந்திய மூன்று முனைக் கேபிள் அதில் பொருந்துமா என்று பாருங்கள். ஆடும் அடாப்டரைவிட அது பத்திரம்.

கேள்வி: ஜோகூர் பாருவில் வாங்கினால் லாபமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 48 மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் திரும்பினால் 100 சிங்கப்பூர் வெள்ளிக்கு மட்டுமே விலக்கு, 48 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 500 வெள்ளி. காலையில் போய் மாலையில் 2,000 வெள்ளி லேப்டாப்போடு திரும்பினால், 1,900க்கு 9 விழுக்காடு, 171 வெள்ளி பொருள், சேவை வரி. வேலை அனுமதி, மாணவர் அட்டை போன்றவற்றில் இருப்பவர்களுக்கு விலக்கே கிடையாது. சுங்கத் துறையின் இணையச் செயலியில் முன்கூட்டியே கட்டலாம். வாரண்டி மலேசியாவுக்கு மட்டுமா என்றும் கேளுங்கள். சிங்கப்பூரில் வாங்கினால் 6 மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகச் சட்டம் கருதும், பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி கடையைக் கேட்கலாம். பாலம் தாண்டி வாங்கியதற்கு அது பொருந்தாது.