மொரீசியஸில் வேலை பார்க்கும் ஆறு நண்பர்கள், ஒரு வார விடுப்பு, குறைந்த செலவு: தீவு தீவாகச் சுற்ற எப்படித் திட்டமிடுவது?

கேள்வியின் சாரம் இது. ரோஸ் ஹில், எபென் பக்கம் வேலை பார்க்கும் ஆறு பேர். நால்வரிடம் இந்திய பாஸ்போர்ட், இருவர் உள்ளூர்த் தமிழர்கள். ரொட்ரிக்ஸ், ரியூனியன், இல் ஓ செர் மாதிரி குட்டித் தீவுகள் என எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது.

ஒரே வாரத்தில் மூன்றையும் அடைத்தால் கடிக்கத்தான் செய்யும். ரியூனியனை வெட்டிவிடுங்கள். ரொட்ரிக்ஸில் நான்கு இரவு, திரும்பி வந்து தென்கிழக்குக் கடலோர ஊரான மாஹேபூரில் இரண்டு இரவு. இல் ஓ செருக்கு விடுப்பையே தொட வேண்டாம், ஏதாவது ஒரு சனிக்கிழமை போதும். உங்களுக்கு இங்கேயே வீடு இருக்கும்போது அறை வாடகை எதற்கு?

தாய்லாந்தில் செய்வதுபோலப் படகு டிக்கெட் எடுத்து ஒரு தீவிலிருந்து அடுத்ததற்கு மாறுவது இந்தக் கடலில் நடக்காது. ரொட்ரிக்ஸ் நமக்குக் கிழக்கே 550 கிலோமீட்டருக்கு மேல். ரியூனியன் தென்மேற்கே 220 சொச்சம். இடையில் கிடப்பது ஆழ்கடல். பெரிய தீவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஆறு விமான டிக்கெட் வாங்க வேண்டும். "கப்பல் இருக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். ரொட்ரிக்ஸ் கப்பல் சரக்கை நம்பி ஓடுவது, ஒரு வழிக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதன் தேதிக்கு உங்கள் விடுப்பை வளைக்க முடியாது. குட்டித் தீவுகள் வேறு ரகம். பெரும்பாலும் பவளத் திட்டுக்குள் கரையை ஒட்டிக் கிடப்பவை, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

ரியூனியனை வெட்டச் சொன்னதற்கு முதல் காரணம் பாஸ்போர்ட். மொரீசியஸ் குடிமக்கள் விசா இல்லாமல் போகலாம். உங்களில் நால்வர் சொந்தமாகத் திட்டமிட்டு அப்படிப் போக முடியாது. சாதாரண ஷெங்கன் விசாவும் அங்கே செல்லாது. அது ஷெங்கன் எல்லைக்குள் வராத பிரெஞ்சு மாவட்டம், விசாவில் அதற்கென்று தனியே குறித்திருக்க வேண்டும். இரண்டாவது, செலவு முழுக்க யூரோவில். மூன்றாவது, அங்கே தாவுவதற்குக் குட்டித் தீவே இல்லை. ரியூனியன் மலை ஊர். எரிமலை, சிலாவோஸ், நடந்தோ ஹெலிகாப்டரிலோ மட்டுமே எட்டும் மஃபாத், சேந்த்தாந்த்ரே பக்கத்துத் தமிழ்க் கோவில்கள் என்று அதற்குத் தனிப் பயணம் வேண்டும். 2011-க்குப் பிறகு சுறா தாக்குதல்கள் கூடியதால், பவளத் திட்டுக்கு உள்ளேயும் கண்காணிப்பு உள்ள இடங்களிலும் தவிர மற்ற கடற்கரைகளில் குளிக்கவும் தடை.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், விமானம் பிறகு. தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை என்பதால் அதோடு விடுப்பை ஒட்டவைக்கத் தோன்றும். வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் உச்சம். மூன்றாம் எண் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் பஸ் நிற்கும், கடைகள் சாத்தப்படும், விமானமும் பறக்காது. ஜூலை, ஆகஸ்டில் புயல் இல்லை, ஆனால் தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். கிழக்குக் கரையும் ரொட்ரிக்ஸும் அந்தக் காற்றுக்கு நேர் முகம், மேற்கும் வடக்கும் ஓரளவு மறைவு. அந்த மாதங்களில் ஐரோப்பா, ரியூனியன் கூட்டமும் சேர்ந்து விலை ஏறும். அக்டோபர், நவம்பர் நல்ல காலம். நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாள் விடுமுறை, தீபாவளியும் பல வருடங்களில் பக்கத்திலேயே வரும். இரண்டையும் வைத்து விடுப்பு போட்டால் நாலு நாள் விடுப்பில் ஒரு வாரத்துக்கு மேல் கிடைக்கும். அது தவறினால் ஏப்ரல் கடைசி, மே.

இனி ரொட்ரிக்ஸ். 108 சதுர கிலோமீட்டர் தீவு, அதைச் சுற்றிப் பவளத் திட்டுக்குள் அடங்கிய ஆழமில்லாத கடல், அதாவது லகூன், அதைவிடப் பெரியது. விமானம் ஒன்றரை மணி நேரம். சின்ன ஏ.டி.ஆர். விமானம் என்பதால் பெட்டி எடை வரம்பு சென்னை விமானத்தைப் போல இருக்காது. டிக்கெட்டில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து மூட்டை கட்டுங்கள். மருந்து, மாற்றுத்துணி ஒரு செட், நீச்சல் உடை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். உள்நாட்டுப் பயணம்தான், விசா கேள்வி இல்லை. என்றாலும் நால்வரும் பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் எடுத்துப் போக வேண்டும். இங்கே வசிப்பவர்களுக்கான கட்டணம் உங்கள் பெர்மிட்டுக்குப் பொருந்துமா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள், எடுத்த பிறகு மாற்றித் தரமாட்டார்கள்.

ரொட்ரிக்ஸை வாரத்தின் தொடக்கத்தில் வையுங்கள், கடைசியில் வைக்காதீர்கள். காற்றாலோ மழையாலோ திரும்பும் விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் மாஹேபூர் இரவு ஒன்று போகும், அவ்வளவுதான். கடைசியில் வைத்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாமல் ஆறு பேரும் மேலாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டிவரும்.

தங்குவதற்கு ஹோட்டல் வேண்டாம். கீத் என்று சொல்லும் வீட்டு விடுதிகளில் மூன்று அறை எடுத்து, காலை உணவும் இரவுச் சாப்பாடும் சேர்த்துப் பேசுங்கள். இரவு உணவை வெளியே தேடுவது இங்கே கஷ்டம். கடைகள் சீக்கிரம் மூடும், மாலை நாலு, அஞ்சுக்கு மேல் பஸ்ஸும் அரிது. அதனால் வீட்டுக்காரர் சமைத்துப் போடும் சாப்பாடு ருசியும் கூட, செலவும் மிச்சம். குழுவில் சைவம் இருந்தால் முன்பதிவின்போதே எண்ணிக்கை சொல்லிவிடுங்கள். சொன்னால் சிவப்பு அவரை, சோளம், கீரை என்று செய்து தருவார்கள். சொல்லாவிட்டால் மீனை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சோறு மட்டும்தான். ஊரித் என்கிற சாக்குக்கணவாய்க்காகவே (ஆக்டோபஸ்) வருகிறவர்கள் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை தவிர்க்கவும், அப்போது அதைப் பிடிக்கத் தடை. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள தீவு, ஆறு பேரும் அரை மணி நேரம் ஷவரில் நின்றால் தொட்டி காலியாகும்.

அங்கே கட்டாயம் போகவேண்டியது இல் ஓ கோகோ. தீவின் மேற்கே, லகூனுக்குள்ளேயே, படகில் ஒரு மணி நேரம் போல. நாடி (noddy), ஆலா வகைக் கடற்பறவைகள் கூடு கட்டும் காப்பிடம். வெள்ளை ஆலா கூடு கூடக் கட்டாமல் மொட்டைக் கிளையில் ஒற்றை முட்டையை வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும், கைக்கெட்டும் உயரத்தில். தொடாதீர்கள். அனுமதிச் சீட்டைப் படகுக்காரரே வாங்கிவிடுவார், ஆனால் முன்தினமாவது பெயர் கொடுத்திருக்க வேண்டும். கிளம்பும் நேரத்தை ஓதம்தான் தீர்மானிக்கும். நீர் வற்றிய நேரத்தில் படகு தரை தட்டும், அதனால் சில நாள் ஏழு மணிக்கே கூப்பிடுவார்கள், சில நாள் பத்துக்கு. "நாங்கள் ஒன்பதுக்கு வருகிறோம்" என்று பேரம் பேசிப் பயனில்லை. இந்தப் படகை முதல் முழுநாளிலேயே போட்டுவிடுங்கள். காற்றில் ரத்தானால் இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தவர்கள்தான் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

மற்ற நாட்களில் காசு செலவாகும் வேலை அதிகம் இல்லை. சனிக்கிழமை காலை தீவின் தலைநகர் போர்ட் மத்துரின் சந்தை விடியற்காலையில் களைகட்டும், பத்து மணிக்கெல்லாம் கலைந்துவிடும். கிழக்குக் கரையில் சேந்த் ஃப்ரான்ஸ்வாவிலிருந்து த்ரூ தார்ஜான் வழியாகக் கிராவியே வரை கடலோர நடை, டிக்கெட் கிடையாது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், வழியில் கடை எதிர்பார்க்காதீர்கள். திரும்பும்போது மிளகாய் ஊறுகாய் புட்டி வாங்காமல் யாரும் வருவதில்லை. எண்ணெய் கசியும், இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

மாஹேபூரைச் சொன்னதற்குக் காரணம், விமானநிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, வடக்கே சுற்றுலா ஊரான கிராண்ட் பே விலை இங்கே இல்லை. மெட்ரோ விமானநிலையம் வரை வருவதில்லை, பஸ்தான். அருகே புவாந்த் ஜெரோமிலிருந்து இல் ஓ ஐக்ரெட் ஐந்து பத்து நிமிடப் படகு. 26 ஹெக்டேர் பவளத் திட்டு, இளஞ்சிவப்புப் புறா, ராட்சத ஆமை, கருங்காலி மரம். வழிகாட்டியோடு மட்டும்தான் நடக்கலாம், குளிக்க முடியாது. குளிக்க ப்ளூ பே. கண்ணாடி அடித்தளப் படகில் ஒரு மணி நேரம் போதும், நாள் முழுக்கச் சுற்றுலாப் பொட்டலம் வாங்க வேண்டாம். 1810-ல் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பல்கள் மோதிய இடத்தில் இருக்கும் இல் த லா பாஸ் கோட்டைத் தீவுக்கும் படகு கிடைக்கும், கடல் அமைதியாக இருந்தால் மட்டும். திங்கட்கிழமை தங்கினால் மாஹேபூர்ச் சந்தை, அங்கே டால் பூரியும் கத்தோ பிமா என்கிற மிளகாய் வடையும் வாங்கிக் கட்டிக்கொண்டால் மதியச் சாப்பாடு முடிந்தது.

படகுப் பேரத்தில்தான் பணம் போவதும் மிஞ்சுவதும். இரண்டு வகை விலை இருக்கிறது: தலைக்கு இவ்வளவு, படகு முழுவதற்கும் இவ்வளவு. எப்போதும் இரண்டையும் கேளுங்கள். கணக்குக்காகச் சொன்னால், தலைக்கு 1800 என்கிறவர் முழுப் படகுக்கு 9000 என்றால், ஐந்து பேருக்கு இரண்டும் ஒன்று. ஆறு பேராக இருக்கும் உங்களுக்கு முழுப் படகில் 1800 மிச்சம், நேரமும் உங்கள் கையில். ஆனால் ஒருவர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால் அவர் பங்கு மற்றவர் தலையில் விழும். விலை சொன்னதும் இவற்றையும் கேட்டுவிடுங்கள்: சாப்பாடு உண்டா, முக்குளிக்கும் கண்ணாடி உண்டா, எத்தனை மணிக்குத் திரும்பும், வானிலையால் ரத்தானால் அட்வான்ஸ் திரும்புமா அல்லது வேறு நாள்தானா, ஆறு பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா. சுற்றுலா ஆணைய உரிமம் இல்லாத படகில் ஏறாதீர்கள், விபத்து என்றால் காப்பீடு ஒன்றும் கிடைக்காது. கடற்கரையில் நடந்துவந்து கையைப் பிடிப்பவர் பெரும்பாலும் தரகர், படகுக்காரர் அல்ல. துறைக்கே போய்ப் பேசினால் தரகு மிச்சம்.

படகிலேயே சுட்டுத் தரும் மதியச் சாப்பாட்டில் கோழியும் மீனும் ஒரே கம்பிவலையில்தான் வேகும். சைவம் சாப்பிடுபவர் கையில் பொட்டலம் கொண்டுபோவது நல்லது.

இல் ஓ செருக்கு இந்தப் படகுப் பேரமே தேவையில்லை. சென்ட்ரல் ஃப்ளாக் வரை ஒரு பஸ், அங்கிருந்து த்ரூ தோ தூஸுக்கு இன்னொன்று, பிறகு கால் மணி நேரப் பொதுப் படகு. மணல் எல்லோருக்கும் பொது. உணவகங்களும் விளையாட்டுகளும்தான் விலை, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்ச் சவுக்கு நிழலில் உட்காருங்கள். ஞாயிறு பஸ் குறைவு, தீவிலும் கூட்டம், அதனால்தான் சனி என்றேன். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேளுங்கள், தவறினால் தனிப் படகுக்குச் சொன்ன விலை. தென்மேற்கில் லா கோலெத்துக்கு எதிரே உள்ள இல் ஓ பெனித்தியேவும் இப்படி ஒரு நாள் வேலைதான், தீவில் இறங்குவார்களா, பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்பார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடக்கே இல் பிளாத், கேப்ரியல் தீவுகள் பவளத் திட்டுக்கு வெளியே. கிராண்ட் பேயிலிருந்து கேட்டமரான் என்கிற இரட்டை உடல் பாய்படகுதான் வழக்கம், அலை நிஜமாகவே தூக்கிப் போடும். வாந்தி மாத்திரையை ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். வானிலைத் துறையின் அறிக்கையில் பேரலை எச்சரிக்கை இருந்தால், படகுக்காரர் "பரவாயில்லை" என்றாலும் போகாதீர்கள். 1856-ல் கல்கத்தாவிலிருந்து வந்த கூலிக் கப்பல் ஆட்களைக் காலராவுக்குப் பயந்து கேப்ரியலில்தான் இறக்கிவைத்தார்கள். நூற்றுக்கணக்கில் அங்கேயே மாண்டார்கள். சத்தமாகப் பாட்டு போடும் படகுகளில் இதை யாரும் சொல்வதில்லை.

எந்தத் தீவானாலும் பழைய கான்வாஸ் ஷூவோடு தண்ணீரில் இறங்குங்கள். கடல் முள்ளெலிகள் ஒரு பக்கம், இங்கே லாஃப் என்று சொல்லும் கல்மீன் இன்னொரு பக்கம். கல்மீன் குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் காலை வைத்தபடியே மருத்துவமனைக்கு. ஆம்புலன்ஸ் எண் 114.

கடைசியாகக் காசு விஷயம். ஒருவரைப் பொருளாளராக வையுங்கள். விமானம், அறை, படகு மூன்றுக்குமான தொகையை ஒவ்வொருவரும் முன்கூட்டியே அவருக்கு ஜூஸ் (கைபேசிப் பணச் செயலி) பண்ணிவிடட்டும், பிறகுதான் பதிவு. சாப்பாடு, பஸ், குளிர்பானத்துக்கு ஒரு பொதுப் பர்ஸ், ரொட்ரிக்ஸில் அது ரொக்கமாக இருக்கட்டும், பண இயந்திரம் போர்ட் மத்துரினை விட்டால் அரிது. மது வாங்குவது பொதுப் பர்ஸில் சேராது. குடிக்காதவர் இருவர் இருந்தாலே நாலாம் நாள் முகம் தூக்கல் இதில்தான் தொடங்கும். டிக்கெட் எடுத்த பிறகு விலகுகிறவருக்குப் பணம் திரும்பாது, ஆனால் மாற்று ஆள் கொண்டுவந்தால் அறை, படகுப் பங்கை அவர் ஏற்கலாம். விமான டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியும் என்று நம்பி உட்காராதீர்கள். இதை வாட்ஸ்அப் குழுவில் எழுதி, ஆறு பேரும் சரி என்று பதில் போட்ட பிறகு முதல் ரூபாயைச் செலவு செய்யுங்கள்.