அமெரிக்காவில் இளங்கலையில் சிவிக் லீடர்ஷிப் (குடிமைத் தலைமை) படிக்கலாமா? வெளிநாட்டு மாணவருக்கு அதனால் பயன் உண்டா?

படிக்கலாம். ஆனால் அதை மட்டுமே படிக்காதீர்கள். நான் பொருளியலை மேஜராகவும் (முதன்மைப் பாடம்) இதை மைனராகவும் (துணைப் பாடம்) எடுத்தேன். இன்று மறுபடி சேர்ந்தாலும் அப்படித்தான் எடுப்பேன்.

லீடர்ஷிப் என்ற பெயரைப் பார்த்துவிட்டு மேடைப் பேச்சு, தன்னம்பிக்கை, ஆளுமை வளர்ச்சி என்று நினைத்து வருபவர்கள் முதல் செமஸ்டரிலேயே கழன்றுகொள்வார்கள். உத்தரவு போட அதிகாரம் இல்லாத ஒருவர், தன்னோடு ஒத்துப்போகாத மனிதர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு பொதுக் காரியத்தை எப்படி முடிப்பது என்பதுதான் இந்தப் படிப்பின் கேள்வி. அதற்காக அரிஸ்டாட்டிலைப் படிக்க வைப்பார்கள். 1831-ல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் டோக்வில், இந்த மக்கள் எதற்கெடுத்தாலும் சங்கம் சேர்க்கிறார்களே என்று வியந்து எழுதியதையும் படிக்க வேண்டும். அரசியலமைப்பை ஏற்கச் சொல்லி 1787-88-ல் வெளியான 85 கட்டுரைகளில் ஒரு பகுதியும் வரும். இவை நல்ல வாசிப்புதான். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து நீங்களே படித்துக்கொள்ள முடியும்.

நானாகப் படித்திருக்க முடியாதது நகர மன்றக் கூட்டம். அங்கே உள்ளாட்சிக் கூட்டங்கள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கும். கருத்துச் சொல்ல விரும்புபவர் பெயர் கொடுத்துவிட்டு மைக் முன்னால் நின்று, பொதுவாக இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். போய் உட்கார்ந்து குறிப்பெடுத்து வருவதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. நான் போன அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று வாதம். உணர்ச்சிவசப்பட்டுப் பேசியவர்களுக்கெல்லாம் ‘நன்றி, அடுத்தவர் வரலாம்’ என்ற பதில்தான் கிடைத்தது. முன்கூட்டியே இணையத்தில் போடப்பட்டிருந்த கூட்டக் கோப்பைப் படித்துவிட்டு, இன்ன பக்கத்தில் வண்டி நிறுத்தக் கணக்கு இப்படி இருக்கிறதே என்று கேட்டவரிடம் மட்டும் உறுப்பினர்கள் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். நல்ல குரல் இருந்தால் போதும் என்ற என் நினைப்பு அன்றோடு போயிற்று.

நகரத்தை யார் நடத்துகிறார்கள் என்பதையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். பல அமெரிக்க நகரங்களில் மன்றம் ஒரு நகர மேலாளரைச் சம்பளத்துக்கு நியமிக்கிறது. மேயர் ரிப்பன் வெட்டுவார். பட்ஜெட் வரைவு மேலாளரின் மேசையிலிருந்து வரும். யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று தெரியாமல் ஊர்வலம் போகிறவர்களை இன்று பார்க்கும்போது கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

வகுப்பில் படித்தவற்றில் என்னை அதிகம் பாதித்தது, ஆசிரியையும் கறுப்பின உரிமைப் போராளியுமான செப்டிமா கிளார்க் தொடங்கிவைத்த குடியுரிமைப் பள்ளிகள். தென் கரோலினாவில் அன்று கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் எழுத்தறிவுச் சோதனையில் தேற வேண்டியிருந்தது. அந்த மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ஈசா ஜென்கின்ஸ் தன் மக்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க வழி தேடினார். 1957 ஜனவரியில் முதல் வகுப்பு தொடங்கியது. வெள்ளையர் கண்ணில் படாதிருக்க, முன்பக்கம் ஒரு கூட்டுறவுக் கடை. பின்பக்க அறையில் வகுப்பு. பாடம் நடத்த ஆசிரியரைத் தேடவில்லை. சிகையலங்காரம் செய்துவந்த பெர்னிஸ் ராபின்சனைப் பிடித்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் என்றால் பழைய முறையிலேயே பாடம் நடத்துவார் என்ற அச்சம். ராபின்சன் வந்தவர்களிடம் கேட்ட முதல் கேள்வி: உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? தங்கள் பெயரை எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், கடைப் பட்டியலைப் பார்த்துப் பொருள் வரவழைக்க வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. வாக்குரிமைப் படிவமும் அதோடு சேர்ந்து வந்தது. இந்த முறை பிறகு தென் மாநிலங்கள் முழுக்கப் பரவியது. வாக்கே இல்லாத மக்களிடமிருந்து தலைவர்கள் உருவானதை, அந்த நாட்டில் வாக்கில்லாத மாணவராக உட்கார்ந்து படித்தபோது எனக்கு அது வெறும் வரலாறாகத் தோன்றவில்லை.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால், பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள். இந்தப் படிப்பைத் தரும் இடங்கள் இரண்டு வகை. பழைய வகைக்கு ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் ஜெப்சன் பள்ளி (1992-ல் தொடங்கியது), டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் டிஷ் கல்லூரி போன்றவை உதாரணம். புதிய வகை, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சட்டமன்ற நிதியோடு தொடங்கியது. ஃபுளோரிடா, வட கரோலினா, டெக்சஸ் என்று தொடர்கிறது. பின்னவற்றில் மூலநூல் வாசிப்புக்கு எடை அதிகம். அவற்றின் பின்னால் பழமைவாத அரசியல்வாதிகளின் கை இருக்கிறது என்ற விமர்சனமும், வகுப்பறைகளில் எதிர்க்கருத்துக்கு இடமில்லாமல் போனதால்தான் இவை தேவைப்பட்டன என்ற பதிலும் இன்னும் ஓயவில்லை. என் கருத்து: வாசிப்பு மட்டும் இருக்கும் இடமும் வேண்டாம், பூங்காவில் குப்பை பொறுக்கியதற்குக் கிரெடிட் கொடுக்கும் இடமும் வேண்டாம். நகர பட்ஜெட்டைப் படிக்கச் சொல்லும் ஒரு பாடமும், உங்களுக்குப் பிடிக்காத தரப்பின் வாதத்தை அவர்களே ஒத்துக்கொள்ளும்படி எழுதச் சொல்லும் ஒரு பாடமும் இருந்தால் தைரியமாகச் சேரலாம்.

இனி விசா. இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்பு முடிந்ததும் வேலை அனுபவத்துக்குக் கிடைப்பது ஓ.பி.டி. என்ற 12 மாத வேலை அனுமதி. மேலும் 24 மாத நீட்டிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள துறைகளுக்கு மட்டுமே. சிவிக் லீடர்ஷிப்பை நம்பி அந்த நீட்டிப்பைக் கேட்க முடியாது. பொருளியலில் கணித அளவையியல் சார்ந்த பிரிவை ஸ்டெம்மாகப் பதிவு செய்திருக்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. நான் மேஜரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன். படிக்கும்போது இன்டர்ன்ஷிப் போக சி.பி.டி. என்ற தனி அனுமதி வேண்டும். அது உங்கள் மேஜரோடு ஒட்டியிருக்க வேண்டும். மைனரைக் காட்டி வாங்க முடியாது. அதனால்தான் நகராட்சியில் இன்டர்ன்ஷிப் தேடியபோது நான் மக்கள் தொடர்பை விட்டுவிட்டு பட்ஜெட் பிரிவுக்கு விண்ணப்பித்தேன்.

வேலை விஷயத்தில் கனவு வேண்டாம். அமெரிக்க மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே. அமெரிகார்ப்ஸ் என்ற அரசு சமூக சேவைத் திட்டத்தில் சேரக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும். பொதுச் சேவைக்குப் போக விரும்பும் மாணவர்களுக்கான ட்ரூமன் உதவித்தொகைக்கும் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்க முடியாது. உடன் படித்த அமெரிக்கர்கள் சட்டம், பொது நிர்வாக முதுகலை, நகர நிர்வாகம் என்று போனார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், மேற்படிப்பு என்பவைதான் வழி. அங்கேயும் கணக்கோ தரவோ தெரிந்தவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தேர்தல் நேரத்தில் வளாகத்தில் மேசை போட்டு, ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டுவார்கள். வகுப்புத் தோழர்களே நிற்பார்கள், மறுக்கக் கூச்சமாக இருக்கும். குடிமகன் அல்லாதவர் அதில் கையெழுத்திட்டால், பின்னாளில் விசா, கிரீன் கார்டு எல்லாவற்றுக்கும் அதுவே முட்டுக்கட்டையாகலாம். நாடு கடத்தும் அளவுக்கும் போகலாம். வேட்பாளர்களுக்கு நன்கொடை கொடுக்கவும் கூடாது. சம்பளமில்லாமல் தன்னார்வலராக உதவலாம். ஆனால் அதற்கும் முன்னால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.