பொறுப்பு எங்கே தொடங்குகிறது: வினியோகஸ்தர்களுக்கான கேள்வி பதில்

மலையேற்ற உடை, கூடாரம், யோகா விரிப்பு, மசாஜ் எண்ணெய் போன்றவற்றை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் நிறுவனங்களின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைக் குறித்து வந்த கேள்விகளுக்கு, கொங்குப் பகுதியில் அத்தகைய நிறுவனங்களுக்காகத் தணிக்கை பார்த்துவருபவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு வினியோகஸ்தர்: ஆண்டுதோறும் நொய்யல் கரையில் மரக்கன்று நடுகிறோம். சட்டம் சொல்லும் சமூகப் பொறுப்புக்கு இது போதுமா, ஐயா?

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிய கம்பெனி, மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. அந்த வரம்புக்குள் நீங்கள் வராவிட்டால் கட்டாயம் ஏதுமில்லை. கன்று நடுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் விற்கும் சட்டைக்குச் சாயமேற்றிய நீர் எங்கே போயிற்று என்று கேட்காமல், அதே ஆற்றின் கரையில் கன்று நடுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

திருப்பூரிலிருந்து ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் ஓர் அம்மா: எங்களிடம் சமூகத் தணிக்கைச் சான்று (தொழிலாளர் நிலையை ஆராய்ந்து தரும் சான்று) கேட்கும் வினியோகஸ்தர், தையல் கூலியை மூன்று மாதம் கழித்துத்தான் தருகிறார். இதைப் பொறுப்பு என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது, அம்மா. இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி சேரும். வருமான வரிச் சட்டப்படி 2023-24 நிதியாண்டு முதல், கெடுவுக்குள் தராமல் ஆண்டு முடிவிலும் நிலுவையில் வைத்த தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட இயலாது. உங்களிடம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் பில்லின் தலைப்பிலேயே அந்த எண்ணை அச்சிடுங்கள். பணம் வராவிட்டால், இத்தகைய நிலுவைப் புகார்களை விசாரிக்கும் வசதி மன்றத்தில் முறையிடுங்கள்.

வினியோகஸ்தர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் தாமதமானால் யூனிட் உரிமையாளர் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வட்டிக்கு வாங்குகிறார். அந்த வட்டியை ஈடுகட்டப் பி.எஃப். பிடிக்காத ஆள்களைக் கான்ட்ராக்டர் வழியாக எடுக்கிறார். மாதிரியை உறுதி செய்யப் பத்து நாள் இழுத்துவிட்டு, அனுப்பும் தேதியை மட்டும் மாற்ற மறுத்தால், பவர் டேபிளில் (மின் தையல் மேசையில்) இருப்பவர்கள் இரவு ஷிப்டும் சேர்த்துப் பார்க்க நேர்கிறது. பிறகு தணிக்கையாளர் வந்து மிகைநேரப் பதிவேட்டில் குற்றம் கண்டுபிடிப்பார். அந்தக் குற்றத்தில் பாதி, கொள்முதல் ஆணை எழுதியவருடையது என்றே நான் எழுதிக் கொடுக்கிறேன். அதனாலேயே என்னை மறுபடி அழைக்காதவர்களும் உண்டு.

காங்கயத்திலிருந்து ஒரு விவசாயி: சாயப்பட்டறைகள் எல்லாம் கழிவுநீரே வெளியேற்றுவதில்லை என்கிறார்கள். நம்பலாமா?

பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகே, கழிவுநீரை முழுவதும் மீட்டெடுக்கும் முறை இங்கே உறுதியாக வேரூன்றியது. இம்முறையில் ஆர்.ஓ. வழியாக நல்ல நீர் திரும்புகிறது. மிஞ்சும் அடர்நீரை ஆவியாக்கி உப்பை மீட்கிறார்கள். சுத்திகரிப்பில் படியும் சேறும், மறுபடி பயன்படாத கலவை உப்பும் மூட்டையாகத் தேங்குகின்றன. ஆகவே நான் பட்டறைக்குள் போனதும் சான்றிதழைப் பார்ப்பதில்லை, மூட்டை அடுக்கிய கொட்டகையைப் பார்க்கிறேன். நாள் முழுக்கச் சாயமேற்றும் பட்டறையில் சேறும் கலவை உப்பும் காணப்படவில்லை என்றால், அவை வேறெங்கோ போய்க்கொண்டிருக்கின்றன. அடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் அனுமதித்த அளவையும், அன்றாடம் சாயமேறிய துணியின் கிலோக் கணக்கையும், ஆவியாக்கி ஓடிய நேரத்தையும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடத்தில் நம்பிக்கைக்கு இடமில்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு மலையேற்ற வழிகாட்டி: மழை அங்கிகளில் நச்சுப் பூச்சு இருப்பதாகச் சொல்கிறார்களே?

நீர் ஒட்டாதிருக்கப் பூசும் ஃபுளோரின் சேர்மங்களைச் சொல்கிறீர்கள். பிஎஃப்ஏஎஸ் என்பது அவற்றின் பொதுப்பெயர். இயற்கையில் எளிதில் சிதையாதவை. அவற்றுள் ஒன்றான பிஎஃப்ஓஏ 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியா இவ்வகைச் சேர்மங்களை ஆடைகளில் பெருமளவு தடைசெய்திருக்கிறது. ஃபுளோரின் இல்லாத பூச்சு எண்ணெய்க் கறையை அவ்வளவாகத் தடுக்காது, ஆனால் மழைக்குப் போதும். வினியோகஸ்தரிடம் வாய்மொழி உறுதி வாங்காமல், மொத்த ஃபுளோரின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

பவானியிலிருந்து ஒரு யோகா ஆசிரியை: பி.வி.சி. விரிப்புக்குப் பதிலாக எங்கள் ஊர் ஜமக்காளத்தைப் பரிந்துரைக்கலாமா?

தாராளமாக, ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள், நின்று செய்யும் ஆசனங்களுக்கு அது ஆகாது. ஜமக்காளம் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பொருள். புவிசார் குறியீடும் பெற்றது. அப்படியிருந்தும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் விற்கப்படுகிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பில்லோடு வாங்குவதே பாதுகாப்பு.

சேலத்திலிருந்து ஒரு தந்தை: மகள் நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். ஆலையைப் பற்றி எவற்றை விசாரிக்க வேண்டும்?

மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிச் சம்பளத்தை நிறுத்திவைத்த சுமங்கலித் திட்டம் வேறு பெயர்களிலும் வந்திருக்கிறது. மாதச் சம்பளம் மகளின் வங்கிக் கணக்கில் முழுமையாக வருகிறதா, பி.எஃப். கணக்கு அவள் பெயரில் உள்ளதா, விடுமுறையில் தானாக வெளியே போய்வர முடிகிறதா, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியான உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்கள் அவளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். சட்டை வாங்கும் வினியோகஸ்தர்கள் பெரும்பாலும் தையல் யூனிட்டோடு விசாரணையை நிறுத்திக்கொள்கிறார்கள். நூல் எந்த ஆலையிலிருந்து வந்தது என்று கொள்முதல் ஆணையிலேயே கேட்டால், பதில் தர வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு வந்துவிடும்.