எத்தனை தந்தைகள்!

கேள்வி: பேஸ்பாலின் தந்தை ஆப்னர் டபுள்டே என்று என் மகனின் பொது அறிவுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. சரிதானா?

பதில்: பொது அறிவுப் புத்தகம் போடுகிறவர்களுக்கு எதற்கும் ஒரு தந்தை வேண்டும். தாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பேஸ்பாலுக்குத் தந்தைப் பஞ்சமே கிடையாது. நியூயார்க்கில் ஹென்றி சாட்விக்கின் கல்லறையில் ‘பேஸ்பாலின் தந்தை’ என்றே செதுக்கியிருக்கிறார்கள். ஆரம்பகால ஆட்டக்காரர் அலெக்சாண்டர் கார்ட்ரைட்டின் நினைவுப் பலகையில் ‘நவீன பேஸ்பாலின் தந்தை’. உங்கள் வீட்டுப் புத்தகத்தில் அமெரிக்க ராணுவ ஜெனரல் டபுள்டே. இந்த ஆட்டம் வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனால் தாசில்தார் மயங்கி விழுந்துவிடுவார்.

சாட்விக் இங்கிலாந்தில் பிறந்த பத்திரிகைக்காரர். அங்கே மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ரவுண்டர்ஸிலிருந்து வந்ததுதான் பேஸ்பால் என்று எழுதினார். விளையாட்டுச் சாமான் வியாபாரி ஸ்பால்டிங்குக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைக்கு ஆங்கிலேய அப்பனா? 1905இல் ஒரு கமிஷன் அமைக்க ஏற்பாடு செய்தார். கமிஷன்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறையப் புலம்பியாயிற்று; மறுபடியும் வாய்ப்பு கொடுத்தீர்கள், நன்றி. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சி தேடுவதற்குப் பெயர்தான் கமிஷன். சாட்சியும் சிக்கினார். கிரேவ்ஸ் என்ற முதியவர், 1839இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் டபுள்டே இந்த ஆட்டத்தை உருவாக்கினார் என்று கடிதம் எழுதினார். 1839இல் சாட்சிக்கு வயது 5. டபுள்டே அப்போது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். ‘நான் இல்லை சார்’ என்று மறுக்கவும் அவர் உயிரோடு இல்லை. 1893இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கமிஷன் தலைவர் மில்ஸ் அவருடைய பழைய நண்பர். 1907 கடைசியில் அறிக்கை வந்தது. அப்புறம் என்ன, பாடப்புத்தகம்தான்.

இத்தனைக்கும் 1744இல் லண்டனில் அச்சான குழந்தைகள் புத்தகத்திலேயே பேஸ்பால் பாட்டு இருக்கிறது. மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில், புதுச் சபைக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகளைக் காப்பாற்ற, பக்கத்தில் பேஸ்பால் ஆடக்கூடாது என்று 1791இல் தடையே போட்டார்கள். அப்போது டபுள்டே பிறக்கவேயில்லை. 1939இல் கூப்பர்ஸ்டவுனில், ஆட்டத்தின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ் மண்டபம் திறந்தார்கள். கார்ட்ரைட்டும் சாட்விக்கும் அதில் உறுப்பினர்கள். டபுள்டே இல்லை!

ஆனால் எனக்கு டபுள்டேயைப் பிடிக்கும். காரணம் வேறு. பிரம்மஞான சபையை (தியோசாபிகல் சொசைட்டி) நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அமெரிக்காவில் அதன் தற்காலிகத் தலைவராக இருந்தவர் இவர்தான். அந்தச் சபைதான் 1882இல் நம் அடையாறுக்கு வந்து குடியேறியது. மறுபிறவி பேசும் சபைக்காரருக்கு, செத்த பிறகு தந்தைப் பதவி கிடைத்தது பொருத்தம்தான்.

இதைப் படித்ததும், கிட்டிப்புள் அடையாறு வழியாகத்தான் அமெரிக்கா போனது என்று எழுத ஒரு சைதாப்பேட்டை அன்பர் பேனாவைத் திறப்பார். ஐயா, சதுரங்கம் பற்றி நீங்கள் அனுப்பிய கடிதக் கட்டையே இன்னும் பிரிக்கவில்லை.