டீச்சர் பதில்கள்: பிசிக்ஸ் படிக்க எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு, எங்களுக்குக் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்தேன். இப்போது பிளஸ் டூ, சயன்ஸ் குரூப். பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்க ஆசை. பக்கத்துச் சித்தூர் (ஆந்திராவின் சித்தூர் இல்லை) கவர்மென்ட் காலேஜ் போதும் என்கிறார் அப்பா. மாமாவோ கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் சீட் வாங்கித் தருகிறேன், காலேஜ் பஸ் நம்ம ஊருக்கே வரும், தமிழ்நாட்டு டிகிரிக்குத்தான் மதிப்பு என்கிறார். கேரளாவில் டிகிரி நாலு வருஷம் ஆகிவிட்டதாமே? மூன்று வருஷத்தில் முடிகிற இடத்துக்குப் போவதுதானே நல்லது?
- ஒரு மாணவி, பாலக்காடு மாவட்டம்

பதில்: முதலில் அந்த நாலு வருஷக் கணக்கைப் பார்த்துவிடலாம் கண்ணு. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024-25 முதல் நான்காண்டுப் படிப்பு வந்தது உண்மைதான். ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் டிகிரி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். நான்காம் ஆண்டும் இருந்து படித்தால் அது ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வைத்திருப்பவர்கள் அந்த நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியும் செய்யலாம். ஆனர்ஸ் முடித்தவர்களுக்கு எம்.எஸ்சி.யை ஓராண்டில் முடிக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வழி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மூன்றும் இரண்டும் ஐந்து, இங்கே நான்கும் ஒன்றும் ஐந்து. காலம் ஒன்றும் வீணாகப் போகவில்லை.

மதிப்பு விஷயத்தில் மாமா சொல்வது சரியில்லை. கோழிக்கோடு பல்கலைக்கழகப் பட்டமும் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமும் எம்.எஸ்சி.க்கோ பி.எட்.டுக்கோ விண்ணப்பிக்கும்போது ஒன்றுதான். பல்கலைக்கழகம் மாறும்போது மைக்ரேஷன் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ் என்று இரண்டு காகிதம் கூடுதலாகக் கேட்பார்கள், அவ்வளவே.

பணக் கணக்கில் நம் எல்லைப்புற வீடுகள் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழுக்குத் தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு கிடையாது. அங்கே போனால் நீ பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்த பெண்களுக்குத்தான். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பேச்சு மாறாது, சலுகைகள் மாறிவிடும். அங்கே சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

சரி, கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? கட்டடத்தைப் பார்க்காதே, பஸ்ஸைப் பார்க்காதே. லேபைப் பார். பிசிக்ஸ் கையால் படிக்க வேண்டிய பாடம். வகுப்பில் ஆசிரியர் கொஞ்சம் சுமாராக இருந்தால்கூட புத்தகத்தையும் இணைய வகுப்புகளையும் வைத்து ஈடுகட்டிவிடலாம். ஒளியைப் பிரித்துக் கோணம் அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரை வீட்டில் வைத்துப் பழக முடியாது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வகுப்பு நடக்கிற ஒரு நாளில் போ. துறைத் தலைவரிடம், 'சார், இங்கே சேர ஆசை, லேபைக் கொஞ்சம் பார்க்கலாமா?' என்று கேள். நல்ல துறை என்றால் சந்தோஷமாகக் கூட்டிப் போவார்கள். டார்க் ரூமுக்குள் நுழைந்து சோடியம் விளக்கைப் போடச் சொல். போட்டதும் இளஞ்சிவப்பாக எரியும், சில நிமிடங்கள் கழித்துத்தான் நல்ல மஞ்சளுக்கு வரும். எத்தனை விளக்கு அப்படி மஞ்சளுக்கு வருகிறது, எத்தனை மூலையில் சும்மா கிடக்கிறது என்று பார். ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி ஆறு பேர் நின்றால் ஒருவர்தான் செய்வார், மீதி ஐந்து பேர் எழுதிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கு ஒரு கருவி என்றால் அது நல்ல லேப்.

அப்புறம் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவரிடம் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டு. ஸ்பெக்ட்ரோமீட்டரில் எதிரெதிராக இரண்டு வெர்னியர், அதாவது நுண்ணளவுகோல், இருக்கும். வட்ட அளவுகோலின் மையம் துளி விலகியிருந்தாலும் பிழை வரும், அதைச் சரிக்கட்டத்தான் இரண்டு. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனி அளவு இருக்கிறதா, இல்லை ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றுக்கு 180 டிகிரியைக் கூட்டி எழுதியிருக்கிறார்களா? பெண்டுலம் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் ஒரு நோட்டில் 9.7, இன்னொன்றில் 9.9 என்று இருந்தால் பிள்ளைகள் உண்மையாகவே ஊசலை ஆட்டி எண்ணியிருக்கிறார்கள். எல்லா நோட்டிலும் அச்சடித்ததுபோல 9.8 என்றால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட லேபில் மூன்று வருஷம் இருந்தாலும் உன் கைக்கு ஒன்றும் வராது. இதை வாழ்நாள் முழுக்க லேபில் நின்றவளாகச் சொல்கிறேன், தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் பணம் கட்டாதே.

லைப்ரரியில் பிசிக்ஸ் அலமாரிக்குப் போய் நாலு புத்தகத்தை எடுத்து, தேதிச் சீட்டில் கடைசி முத்திரை எந்த வருஷம் என்று பார். அதுவே போதும்.

எங்கே சேர்ந்தாலும் கணிதத்தை விடாதே. கேரளத்தில் மேஜர் என்ற முதன்மைப் பாடத்தோடு மைனர் என்ற துணைப் பாடங்களை நீயே தேர்ந்தெடுக்கலாம். சுலபமாக மார்க் வரும் என்று யாராவது வேறொன்றைச் சொல்வார்கள், கேட்காதே. ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஆசைப்பட்டால், டிகிரியில் கணிதமும் படித்திருக்கிறாயா என்று பல இடங்களில் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், கணிதம் இல்லாமல் குவாண்டம் மெக்கானிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் ஏறாது.

தமிழ் மீடியத்தில் படித்ததை நினைத்துப் பயப்படுகிறாய் என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. பிளஸ் டூவை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறாய், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சித்தூர் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது, மொழிப்பாடத்துக்குத் திண்டாட வேண்டாம். கல்பாத்தியில் 1893இல் பிறந்த கே. ஆர். ராமநாதன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். பிறகு சி. வி. ராமனோடு வேலை செய்து, ஓசோன் ஆய்வில் பெயர் பெற்று, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆனார். பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மணி சென்னையில் பிசிக்ஸ் படித்து, நம் நாட்டு வானிலைக் கருவிகளையே இங்கே செய்ய வைத்தார். இரண்டு பேரும் பிறந்தது இந்த மலையோரத்தில்தான்.

என் முடிவைக் கேட்டால், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளர விண்ணப்பத்தில் விக்டோரியாவையும் சித்தூரையும் இரண்டையும் போடு. லேபைப் பார்த்துவிட்டு எது முதலில் என்று வரிசைப்படுத்து. இரண்டும் சமமாகத் தோன்றினால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை எடு. லேப் முடிந்து சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்று இருட்டில் வீடு சேர்கிற பிள்ளை எப்போது உட்கார்ந்து கணக்குப் போடும்? கோயம்புத்தூர் தனியார் கல்லூரி, லேபில் இந்த இரண்டையும் தெளிவாக மிஞ்சினால் மட்டும், அதுவும் அப்பா கடன் வாங்காமல் கட்ட முடிந்தால் மட்டும். பி.எட். முடித்து ஆசிரியராக ஆசை இருந்தால் இன்னொன்றையும் மனதில் வை. இங்கே தமிழ் மீடியம் பள்ளிகளுக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தனியாக ஆசிரியர்களை எடுக்கிறது. நீ தமிழில் படித்தது அங்கே உனக்குப் பலம்.

கேள்வி: நாங்கள் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறோம். பையனுக்குப் பிசிக்ஸில் ஆர்வம். திருப்பதி ஐசர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆந்திராக்காரர்களுக்கு அங்கே தனி இடம் உண்டா?
- ஒரு தந்தை, நகரி

பதில்: இல்லைங்க ஐயா. ஐசர் என்பது இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். 2015இல் திருப்பதியில் தொடங்கிய அது மத்திய அரசுடையது. மாநில ஒதுக்கீடு கிடையாது, நாடு முழுக்க ஒரே தரவரிசைதான். ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணிதம், பயாலஜி, நாலிலும் பதினைந்து பதினைந்து கேள்வி, மூன்று மணி நேரம், தப்பானால் மார்க் குறைப்பார்கள். தம்பி கணித குரூப் என்றால் பயாலஜியை அப்படியே விட்டுவிடக் கூடாது. பதினைந்து கேள்வி என்பது 240 மார்க்கில் 60. பத்தாவது பயாலஜியையும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் செல் பகுதியையும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் மரபியல் பகுதியையும் படித்தால்கூட சிலவற்றைத் தைரியமாகப் போடலாம். படிப்பு ஐந்து வருஷம், ஹாஸ்டலில் இருந்துதான் படிக்க வேண்டும், அதனால் வீட்டுக்குப் பக்கம் என்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். பூனே, திருவனந்தபுரம், போபால் என்று எல்லா ஐசரையும் விருப்பப் பட்டியலில் போடச் சொல்லுங்கள். திருப்பதியில் உள்ளூர் டிகிரி கல்லூரி ஒன்றுக்கும் கூடவே விண்ணப்பித்து வையுங்கள்.