மாதிரி ரயில் பெட்டிக்குள் விளக்கு: கேட்டதும் சொன்னதும்

எச்.ஓ. அளவில், அதாவது 1:87-இல், ஐ.சி.எஃப். (சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரகப் பெட்டிகளுக்கு விளக்கு போட்டுப் போட்டு விரலைச் சுட்டுக்கொண்டவன் நான். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

அண்ணா, ரிச்சி தெருவில் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒரு ரோல் வாங்கிவிட்டேன். என்னுடையது டி.சி.சி., அதாவது டிஜிட்டல் கட்டளையில் வண்டி ஓடும் லேஅவுட். கூரைக்குள் ஒட்டி நேராகத் தண்டவாளத்தோடு இணைக்கலாமா?

ஒட்டலாம் தம்பி, நேராக இணைக்காதே. டி.சி.சி. தண்டவாளத்தில் துருவம் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறும். நடுவில் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர் வை, துருவம் எப்படி மாறினாலும் ஒரே திசையில் மின்சாரம் தரும். 15 வோல்ட் வந்தால் அது 1.4 வோல்ட்டைத் தின்றுவிட்டு 13.6-ஐக் கொடுக்கும். அதை ஸ்ட்ரிப்புக்கு அப்படியே கொடுத்தால் பெட்டி கல்யாண மண்டபம் மாதிரி எரியும். பிளஸ் வயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர். முழுப் பெட்டிக்கும் 5 மில்லி ஆம்பியர்தான் ஓடும், கண்ணுக்கு அதுவே தாராளம்.

அளவையும் பார்த்துக்கொள். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள ஸ்ட்ரிப்பை 5 செ.மீ.க்கு ஒருமுறைதான் வெட்ட முடியும். ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர், நம் அளவில் 24.5 செ.மீ. நான்கு துண்டு போதும். இரண்டு கோடியிலும் கழிவறைப் பக்கம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் இருக்கட்டும்.

சார், விளக்கு எரிகிறது, ஆனால் வண்டி ஓடும்போது மினுக்கிக்கொண்டே இருக்கிறது. எல்.இ.டி.யை இரண்டு தடவை மாற்றிவிட்டேன்.

எல்.இ.டி. பாவம், அதை விட்டுவிடுங்கள். குறை சக்கரத்தில்தான் இருக்கும். என்னிடம் வரும் பத்து புகாரில் எட்டு இதுதான்.

முதலில் பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றி உலோகச் சக்கரம் போடுங்கள். உலோக அச்சில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் காப்பிடப்பட்டிருக்கும். முன் போகியின் (பெட்டிக்கு அடியில் அச்சுகளைத் தாங்கும் சட்டம்) இரண்டு அச்சிலும் காப்பு இடப்பக்கம் வரட்டும், பின் போகியில் வலப்பக்கம். இப்போது முன் போகி ஒரு தண்டவாளத்திலிருந்தும் பின் போகி மற்றதிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பியை வளைத்து அச்சின் மேல் லேசாக உரசவிடுங்கள். சக்கரத்தின் முதுகில் உரசவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் அச்சு ஒல்லி, உராய்வு அங்கே குறைவு. பத்துப் பெட்டி சேர்ந்த பிறகு ஏற்றத்தில் எஞ்சின் வழுக்கும்போது இந்த வித்தியாசம் புரியும். நான் முதலில் செய்த ரேக்கில் (பெட்டித் தொடரில்) கம்பியை அழுத்தமாக வைத்துவிட்டு, எஞ்சினுக்குத்தான் வலுவில்லை என்று ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன்.

தண்டவாளத்தையும் சக்கரத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகும் மினுக்கினால்தான் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர். 470 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட். ரெக்டிஃபயருக்கும் அந்த 1 கிலோ ஓமுக்கும் நடுவில். அரை விநாடி தாங்கும். 16 வோல்ட் கெபாசிட்டர் மலிவு என்று வாங்காதீர்கள். துருவம் மாற்றி வைத்தால் வெடிக்கும்.

கெபாசிட்டர் வைத்தேன். இப்போது பத்துப் பெட்டியையும் தண்டவாளத்தில் நிறுத்திச் சுவிட்ச் போட்டால் கன்ட்ரோலர் ஷார்ட் என்று கட்டாகிவிடுகிறது.

காலி கெபாசிட்டர் பத்தும் ஒரே நொடியில் குடிக்கப் பார்க்கின்றன. கன்ட்ரோலருக்கு அது ஷார்ட் மாதிரிதான் தெரியும். ஒவ்வொரு கெபாசிட்டரின் பிளஸ் காலிலும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள். அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் டயோடு ஒன்று, கோடு போட்ட முனை கெபாசிட்டரைப் பார்க்காமல் மறுபக்கம் இருக்கட்டும். மெதுவாக நிரம்பும், தேவைப்படும்போது தடையில்லாமல் கொடுக்கும்.

என்னிடம் டி.சி.சி. இல்லை, பழைய டி.சி. கன்ட்ரோலர்தான். வண்டி மெதுவாகப் போனால் விளக்கே வரவில்லையே?

வராது. ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி. வரிசையாக இருப்பதால் 9 வோல்ட் அளவுக்குக் கேட்கும். டி.சி.யில் வேகம் குறைந்தால் வோல்ட்டும் குறையும், நிலையத்துக்குள் நுழையும் வேகத்தில் தண்டவாளத்தில் 5 வோல்ட்தான் இருக்கும். தனி எல்.இ.டி.களை, ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டரோடு, பக்கவாட்டாக (பேரலலாக) இணையுங்கள். 5 வோல்ட்டிலேயே மங்கலாக எரியத் தொடங்கும். வண்டி நின்றால் அணைந்துவிடும், தண்டவாள மின்சாரத்தை மட்டும் நம்பினால் அதற்கு வழியில்லை.

வார்ம் ஒயிட்டா, கூல் ஒயிட்டா?

எந்தக் காலத்துப் பெட்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரம்பூர் தொழிற்சாலை 1955-இல் தொடங்கியது, கடைசி ஐ.சி.எஃப். ரகப் பெட்டி வெளியே வந்தது 2018-இல். குண்டு பல்பு காலத்துப் பெட்டி என்றால் 2700–3000 கெல்வின். டியூப் லைட் காலம் என்றால் கூல் ஒயிட், ஆனால் மங்கலாக. பெட்டிக்கு அடியில் சக்கரம் சுழற்றும் ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் கொடுத்த 110 வோல்ட்டில் எரிந்த விளக்குகள் அவை. கடை ஷோகேஸ் மாதிரி ஜொலித்ததே கிடையாது.

ஸ்லீப்பர் பெட்டியில் ஒன்று செய்து பாருங்கள்: வெள்ளை முழுவதையும் அணைத்து, நடைபாதைக்கு மேல் ஒரேயொரு நீல எல்.இ.டி., 22 கிலோ ஓமோடு. நள்ளிரவில் விழுப்புரம் தாண்டுகிற வண்டி அப்படியே வந்து நிற்கும்.

சுவர் பிளாஸ்டிக் முழுக்க ஒளிர்கிறதே?

உள்பக்கம் முதலில் கறுப்பு பெயிண்ட், அதன் மேல் வெள்ளை. கூரை சேரும் இடுக்கில் கறுப்பு டேப். அலுமினிய டேப் ஒட்டினால் வயர் படாமல் பாருங்கள். அது மின்சாரம் கடத்தும்.

அலமாரியில் வைத்திருக்கும் ஒற்றைப் பெட்டிக்கு இவ்வளவும் வேண்டுமா, அங்கிள்?

வேண்டாம் கண்ணு. ஒரு சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி, ஒரு வார்ம் ஒயிட் எல்.இ.டி., 100 ஓம், கூரைக்கு அடியில் ஒரு ரீட் சுவிட்ச். சின்னக் காந்தத்தைக் கூரை மேல் வைத்தால் எரியும், எடுத்தால் அணையும். தூங்கப் போகும்போது காந்தத்தை எடுத்துவிடு.