மழை வந்தா பாத்ரூம்ல கழிவு மேலேறுது, வீட்டை வித்தவரை கேக்க முடியுமா?

கோத்தகிரியில இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. பிப்ரவரியில கிரயம் பண்ண வீடு, அக்டோபர் மழை பிடிச்சதும் கீழ் பாத்ரூம்ல கழிவு மேலேறி ஹால் வரைக்கும் வந்துருச்சு, பக்கத்து வீட்டு பாட்டி இது வருஷா வருஷம் நடக்கறதுதானேன்னாங்களாம், வித்தவருக்கு போன் போட்டா "உள்ளது உள்ளபடின்னு பத்திரத்துல கையெழுத்து போட்டிருக்கீங்கல்ல"ன்னு வெச்சுட்டாராம்.

சகோதரி, அந்த வரியை பார்த்து பயப்படாதீங்க. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவுல தெளிவா இருக்கு, வித்தவருக்கு தெரிஞ்ச, வாங்கறவர் சாதாரண கவனத்தோட பார்த்தாலும் கண்ணுக்கு படாத பெரிய குறைன்னா அவரே சொல்லியாகணும், சொல்லாம விட்டா அது மோசடி. எதிர் வக்கீல் அந்த வரியைத்தான் நீட்டுவார், பார்த்துதானே வாங்குனாங்கன்னும் கேப்பார். ஆனா பிப்ரவரியில மண்ணு காஞ்சு கெடக்கும், எவ்ளோ ஊத்துனாலும் உறிஞ்சுகுழி இழுத்துக்கும். நம்ம பக்கம் வடகிழக்கு பருவமழையிலதான் மேல் சரிவுல இருந்து ஊறி வர்ற தண்ணி குழியை ரொப்பி, போக வழியில்லாம கழிவு பைப்புலயே திரும்பும். மழையில்லாத மாசத்துல பார்த்த உங்களுக்கு இது எப்படிங்க தெரியும்?

அதனால கேஸ் நிக்கிறது ஒரே விஷயத்துல, வித்தவருக்கு முன்னாடியே தெரியும்னு நீங்க காட்டணும். பாட்டி சாட்சி சொல்வாங்களான்னு கேளுங்க. அதைவிட கெட்டியான சாட்சி கழிவுநீர் லாரிக்காரர்தான், போன வருஷங்கள்ல மழை மாசத்துல அந்த வீட்டுக்கு வந்து உறிஞ்சியிருந்தா பில்லு, ஜிபே, போன் நம்பர்னு ஏதாவது ஒண்ணு இருக்கும், நான் முதல்ல தேடச் சொல்றது அதைத்தான். பிளம்பர்கிட்ட என்ன பார்த்தார்னு கையெழுத்தோட எழுதி வாங்குங்க. கழுவறதுக்கு முன்னாடி போட்டோ வீடியோ எடுங்க, எடுத்த போனை பத்திரமா வைங்க, 2023 பாரதிய சாட்சிய சட்டம் 63வது பிரிவு சர்டிபிகேட்டோடதான் (எந்த போன்ல எப்படி எடுத்ததுன்னு உறுதி சொல்ற சான்று) கோர்ட்டுல அதை தாக்கல் பண்ணணும்.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ், அசையலன்னா சிவில் கோர்ட். தனி ஆள்கிட்ட வாங்குன பழைய வீடுங்கறதால நுகர்வோர் கோர்ட் பக்கம் அலையாதீங்க. (பில்டர் கட்டி ரெரால, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல, பதிஞ்ச வீடுன்னா கதையே வேற, 5 வருஷத்துக்குள்ள வர்ற குறையை சொன்ன 30 நாள்ல அவங்க செலவுல சரி பண்ணித்தரணும்.) கிரயத்தையே ரத்து பண்ணக் கேட்டா வருஷக்கணக்கா இழுக்கும், ரிப்பேர் செலவையும் நஷ்டத்தையும் கேளுங்கன்னுதான் நான் சொல்வேன். விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷம் டைம் இருக்கு, ஆனா தோண்டி மாத்தறதுக்கு முன்னாடி கோர்ட் நியமிக்கற கமிஷனர் நேர்ல வந்து பார்த்துட்டா ரொம்ப பலம், அதனால தள்ளிப்போடாதீங்க.

இன்னொண்ணு, இதை மன்றாடி கேக்கறேன், அவசரத்துல யாரையும் கழிவுநீர் தொட்டிக்குள்ள இறக்காதீங்க. விஷவாயுல ஆள் போயிடும், கையால கழிவு அள்ள வைக்கறதைத் தடை செய்யற 2013 சட்டப்படி இறக்குன உங்களுக்கு முதல் தடவையே 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. உரிமம் உள்ள லாரியை மட்டும் கூப்பிடுங்க.

பொங்கி வர்றதை ஓடையிலயோ கீழ இருக்கற பாதையிலயோ திருப்பி விட்டுடாதீங்க, கோட்டாட்சியர்கிட்ட யாராவது மனு குடுத்தா பதில் சொல்ல வேண்டியது வித்தவர் இல்ல, நீங்க. கீழ் வீட்டுக்காரங்ககிட்ட இன்னைக்கே போய் நிலைமையை சொல்லிடுங்க, வித்தவர் காலத்துலயே இந்த வீட்டுல இருந்து வழிஞ்சிருந்தா அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.